‘இன் ஹாஸ்பிடல்’ என்று படித்ததும் அண்ணி ஏன் அழுதார்?

பிள்ளையார்குப்பம். ராத்திரி எட்டரை மணி என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரி - கடலூர் சாலையில், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வாசலில், நர்சிங் இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண் டியூட்டி முடித்துவிட்டு வெளியே வருகிறாள். அழைத்துப் போக அப்பா பைக்கில் வந்திருக்கிறார். துபாயில் இருக்கும் அண்ணன் அப்பாவுக்கு மூன்று முறை போன் போட்டு, அவர் எடுக்காததால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிறான்: ‘அப்பா எங்கே?’

அந்த குரூப்பில் எல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும். அண்ணி மாஹே பெண். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் படிக்க வராது. அதனால் தங்கை வேகமாகத் தட்டுகிறாள்: “அப்பா இஸ் இன் ஹாஸ்பிடல்.”

அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடிக்கிறது. அண்ணி. குரல் உடைந்து போயிருக்கிறது.

“என்னம்மா ஆச்சு அப்பாவுக்கு? எந்த வார்டு? ஹார்ட்டா?”

“ஐயோ அண்ணி, ஒண்ணும் ஆகலை. வாசல்ல பைக்ல உக்காந்திருக்காரு. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தாரு.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்படி ஒன்று நடக்க ஒரு வார்த்தை போதும். தங்கை எழுதியதில் இலக்கணப் பிழை கிடையாது. ஸ்பெல்லிங் தப்பில்லை. பிரிட்டிஷ் இங்கிலீஷில் அது ஒரு முழுமையான, சரியான வாக்கியம். அதற்கு ‘அப்பா ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கிறார்’ என்று அர்த்தம். அவள் சொல்ல நினைத்ததற்கு ‘அட் தி ஹாஸ்பிடல்’ என்று போட்டிருக்க வேண்டும்.

ஆரம்பப் பாடத்தில் வரும் தப்பு இல்லை இது. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்து, நாலு வருஷம் இங்கிலீஷில் பாடப் புத்தகம் படித்து, நன்றாகவே பேசுகிறவர்கள் செய்வது. இன், ஆன், அட் என்ற மூன்று குட்டிச் சொற்கள், எத்தனை படித்தாலும் கடைசி வரை கூடவே வந்து காலை வாரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ரோஜர் பிரவுன், குழந்தைகள் இங்கிலீஷ் பேசக் கற்கும் வரிசையை 1973-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். சொற்களுக்கு நடுவே வரும் இலக்கணத் துணுக்குகளில் குழந்தைகள் முதலில் பிடித்துக்கொள்கிறவற்றில் இந்த ‘இன்’னும் ‘ஆன்’னும் இருந்தன. அங்கே இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு வசப்படுவது, இங்கே எம்.எஸ்சி. முடித்தவருக்கு வசப்படவில்லை என்றால் கோளாறு மூளையில் இல்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே ‘இல்’, எத்தனை இடம்!

தமிழில் பெட்டியில் புடவை இருக்கிறது. சுவரில் பல்லி இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் அத்தை நிற்கிறார். மூன்றுக்கும் ஒரே ‘இல்’. இங்கிலீஷ்காரர் முதலாவதற்கு இன், இரண்டாவதற்கு ஆன், மூன்றாவதற்கு அட் போடுவார். நமக்கு ஒரு பெட்டியில் கிடப்பதை அவர்கள் மூன்று பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அதற்காகத் தமிழில் இடம் சொல்லச் சொல் பஞ்சம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏழாம் வேற்றுமை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தொல்காப்பியம் அதற்கு ‘கண்’ என்று பெயர் கொடுத்து, கூடவே மேல், கீழ், முன், பின், அயல், வலம் போன்ற சொற்களின் ஒரு பட்டியலையும் தருகிறது. நன்னூலில் அந்தக் கணக்கு 28. அத்தனை இருந்தும் அன்றாடப் பேச்சில் நாம் ‘ல’ என்ற ஒற்றை எழுத்தில் வேலையை முடித்துக்கொள்கிறோம். வீட்ல, ரோட்ல, பஸ்ல, போன்ல. கேட்பவர் சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்வார். இங்கிலீஷில் அந்த வேலையைக் கேட்பவரிடம் விட முடியாது. சொல்கிறவர்தான் செய்தாக வேண்டும்.

கொரிய மொழியில் இதைவிட வேறு மாதிரி. சூன்ஜா சோய், மெலிசா போவர்மன் என்ற இருவர் 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கிலீஷில் கேசட்டை அதன் டப்பாவில் போடுவது ‘இன்’, விரலில் மோதிரம் போடுவது ‘ஆன்’. கொரியனில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல், ஏனென்றால் இரண்டுமே இறுக்கமாகப் பொருந்துகின்றன. தொளதொளவென்று உள்ளே போடுவதற்கு வேறு சொல். அங்கே ‘உள்ளேயா, மேலேயா’ என்பதைவிட ‘இறுக்கமா, தளர்வா’ என்பதுதான் கேள்வி. இரண்டு வயதை எட்டுவதற்கு முன்பே குழந்தைகள் அவரவர் மொழியின் கணக்குப்படி பேச ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அந்த ஆய்வில் தெரிந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா யாராவது குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சில் ‘ஆ லோப்பித்தால்’ என்று ஒன்றைச் சொன்னால் போதும். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் அதுதான், வாசலில் பைக்கோடு நிற்கும் அப்பாவுக்கும் அதுதான். அந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர் நம்ம கட்சி.

ஒரு முகவரி, மூன்று சொல்

அடிப்படை விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு புள்ளி என்றால் அட். ஒரு பரப்பு அல்லது கோடு என்றால் ஆன். எல்லைக்குள் அடங்கியது என்றால் இன். அந்த மருத்துவக் கல்லூரியின் முகவரியை வைத்தே பார்க்கலாம். கல்லூரி புதுச்சேரி - கடலூர் சாலையில் இருக்கிறது, சாலை ஒரு கோடு, அதனால் ‘ஆன்’. பிள்ளையார்குப்பத்தில் இருக்கிறது, ஊருக்கு எல்லை உண்டு, அதனால் ‘இன்’. கதவு எண் சொல்வதானால் அது ஒரு புள்ளி, ‘அட்’.

விதி தெரிந்தவர்களுக்குச் சிக்கல் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் பிள்ளையார்குப்பம் எப்போதுமே ‘இன்’ இல்லை.

“ஐ லிவ் இன் பிள்ளையார்குப்பம்” என்று சொல்லும் அதே ஆள், “திஸ் பஸ் ஸ்டாப்ஸ் அட் பிள்ளையார்குப்பம்” என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் மாறவில்லை. பார்வை மாறிவிட்டது. குடியிருப்பவருக்கு அது தெருக்களும் குளமும் வயலும் உள்ள ஓர் இடம். கடலூர் போகும் பஸ்ஸுக்கு அது வழியில் வரும் ஒரு புள்ளி, கிருமாம்பாக்கம் போல, முள்ளோடை போல. பொருளைப் பார்த்து இன், ஆன், அட் போட முடியாது. சொல்கிறவர் அந்தப் பொருளை அந்த நேரத்தில் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் மரத்தில் தொங்குகிறது, அது ‘ஆன் தி ட்ரீ’. காக்கா மரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது பெரும்பாலும் ‘இன் தி ட்ரீ’. மாங்காய் மரத்தின் ஒரு பாகம், அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காக்கா வெளியிலிருந்து வந்து இலைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. சுவரும் அப்படித்தான். மாட்டிய படம் ‘ஆன் தி வால்’. அதே சுவரில் விழுந்த விரிசல் ‘இன் தி வால்’. படத்தைக் கழற்றி எடுத்துவிடலாம், விரிசலைக் கழற்ற முடியாது.

கடற்கரையில் நடப்பது ‘ஆன் தி பீச்’. ‘இன் தி பீச்’ என்று சொன்னால் நண்டு மாதிரி மணலுக்குள் புதைந்து கிடக்கிறீர்கள் என்று கேட்பவர் நினைக்கக்கூடும்.

பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததிலும் கொஞ்சம் கோளாறு உண்டு. ‘ஆன் என்றால் மேலே’ என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். ஆன் என்றால் மேலே இல்லை, தொட்டுக்கொண்டு என்று அர்த்தம். உத்தரத்தில் தலைகீழாக ஒட்டியிருக்கும் பல்லியும் ‘ஆன் தி சீலிங்’தான், அதற்கு மேலே எதுவும் இல்லாவிட்டாலும். தலைக்கு மேலே ஓடும் ஃபேனை ‘ஆன் மை ஹெட்’ என்று ஒருவர் சொன்னால் அவரை உடனே மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். தொடாமல் மேலே இருப்பதற்கு ‘அபவ்’ அல்லது ‘ஓவர்’.

வண்டி விஷயம் பலருக்கும் தெரியும். காரில், ஆட்டோவில் என்றால் இன். பஸ்ஸில், ரயிலில், விமானத்தில், கப்பலில் என்றால் ஆன். உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ஆன் என்று ஒரு சுலபக் கணக்கு சொல்வார்கள், அது ஓரளவு சரி. பைக்குக்கும் குதிரைக்கும் ஆன், ஏனென்றால் மேலே ஏறித்தான் உட்கார முடியும். வீராம்பட்டினம் மீனவர் கட்டுமரத்தில் போனால் அவரும் ‘ஆன் எ கட்டமரான்’. அந்த இங்கிலீஷ் சொல்லே நம்மிடமிருந்து போனதுதான். பஸ்ஸிலிருந்து இறங்குவதை மட்டும் நம்மவர்கள் ‘கெட் டவுன்’ என்று அப்படியே மொழிபெயர்த்துவிடுவார்கள். பஸ் என்றால் ‘கெட் ஆஃப்’, கார் என்றால் ‘கெட் அவுட் ஆஃப்’.

‘வழியில இருக்கேன்’ என்று மாமியாருக்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘ஆன் தி வே’ என்றால் வந்துகொண்டிருக்கிறேன். ‘இன் தி வே’ என்றால் குறுக்கே, இடைஞ்சலாக நிற்கிறேன். இரண்டில் எது உண்மை என்பது அவரவர் வீட்டு விஷயம்.

வார்டுக்குள் போனால்

பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் வட்டாரத்தில் மருத்துவக் கல்லூரிகளும் நர்சிங் கல்லூரிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே படிப்பவர்களில் வெளிநாட்டு வேலையை மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஓ.ஈ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பெயர்கள் புதிதல்ல. முதலாவது, மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படும் இங்கிலீஷ் தேர்வு. நோயாளியோடு பேசுவது போல நடித்துக் காட்ட வேண்டும், அடுத்த மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுத வேண்டும். இரண்டாவதில் ஊரின் வரைபடத்தைப் பார்த்து எது எங்கே இருக்கிறது, என்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்லும் கேள்வியும் வருவதுண்டு. இரண்டிலுமே இந்தக் குட்டிச் சொற்களுக்குத் தப்பிக்க வழி இல்லை.

தேர்வு போகட்டும். ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கும் ஐந்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். “நெஞ்சில் வலி” என்றால் ‘பெயின் இன் தி செஸ்ட்’. “நெஞ்சில் தடிப்பு” என்றால் ‘ரேஷ் ஆன் தி செஸ்ட்’. ஒன்று உள்ளே, ஒன்று தோலில். காலில் காயம் என்றால் ‘ஆன்’, காலுக்குள் கண்ணாடித் துண்டு மாட்டியிருக்கிறது என்றால் ‘இன்’. கையில் போட்ட ஊசிக் குழாய் ‘இன் தி லெஃப்ட் ஹேண்ட்’, அதன் மேல் ஒட்டிய பிளாஸ்திரி ‘ஆன் தி லெஃப்ட் ஹேண்ட்’. ஒரே கை, ஒரே தமிழ் ‘கையில’, இரண்டு சொல்.

முழங்காலுக்குக் கீழே என்பதும் அப்படி. காலை எந்த உயரத்தில் எடுத்தார்கள் என்று சொல்ல ‘பிலோ தி நீ’. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னால் ‘அண்டர் தி நீ’. முதலாவது மட்டத்தைச் சொல்கிறது, இரண்டாவது நேர் அடியில் என்பதைச் சொல்கிறது. மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்தான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, களைத்துப்போன ஒருவர் இன்னொரு முறை ‘என்ன சொன்னீங்க?’ என்று கேட்கும்படி ஆகும். சில நேரம் கேட்காமலே போய்விடுவார். அதுதான் ஆபத்து.

பிரிட்டன் போகிறவர்களுக்குத் தனிப் பாடம் உண்டு. இங்கே ‘இன் தி வார்டு’ என்று சொல்லிப் பழகியிருப்போம். அங்கே வேலை செய்பவர்கள் ‘ஆன் தி வார்டு’ என்பார்கள். ‘தி பேஷன்ட் இஸ் இன் தியேட்டர்’ என்று கேட்டால் படம் பார்க்கப் போய்விட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். படுக்கையில் நோயாளி இருந்தால் ‘இன் பெட்’, படுக்கை மேல் துண்டு கிடந்தால் ‘ஆன் தி பெட்’. டிரிப் ஏறிக்கொண்டிருந்தால் ‘ஆன் எ டிரிப்’, ஆக்சிஜன் வைத்திருந்தால் ‘ஆன் ஆக்சிஜன்’.

‘இன் ஹாஸ்பிடல்’ விவகாரத்துக்கும் இங்கே விடை கிடைத்துவிடும். பிரிட்டிஷ் இங்கிலீஷில் சில இடங்களுக்கு முன்னால் ‘தி’ இல்லாமல் வந்தால், அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காக அங்கே இருக்கிறார் என்று பொருள். ‘இன் ஹாஸ்பிடல்’ என்றால் நோயாளி. ‘இன் பிரிசன்’ என்றால் கைதி. அட் தி ஹாஸ்பிடல், அட் தி பிரிசன் என்றால் வேறு வேலையாக அங்கே போயிருக்கலாம், பார்க்கப் போயிருக்கலாம், குழாய் ரிப்பேர் பார்க்கப் போயிருக்கலாம். அமெரிக்கர்கள் நோயாளிக்கும் ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்றே சொல்வார்கள். எந்த ஊர் இங்கிலீஷாக இருந்தாலும் ‘இன்’ வந்தால் கேட்பவர் மனதில் படுக்கையும் வெள்ளை விரிப்பும்தான் வரும். அங்கேயே வேலை பார்ப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘ஐ வொர்க் அட்’ அல்லது ‘இன் எ ஹாஸ்பிடல்’ என்று சொல்லலாம், அங்கே ‘வொர்க்’ என்ற சொல் காப்பாற்றிவிடும்.

தெற்கால போனா...

பாகூர் பக்கம் யாரிடமாவது வழி கேட்டால், “நேரா போய் தெற்கால திரும்புங்க” என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளைஞர்கள் “லெஃப்ட்ல போங்க” என்பார்கள். இதுவும் ஆராயப்பட்ட விஷயம்தான். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எரிக் பீடர்சன், 1990-களில் தமிழ்நாட்டில் இதைப் பார்த்தார். கையருகே உள்ள சின்னப் பொருள்களைக்கூட கிராமத்தினர் பெரும்பாலும் கிழக்கு, மேற்கு என்று சொன்னார்கள். நகரத்தினர் இடது, வலது என்றார்கள். ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கம்.

கூகு யிமிதிர் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியிலும் இப்படித் திசைகளைச் சொல்லும் வழக்கம்தான். கங்காரு என்ற சொல் உலகுக்குக் கிடைத்தது அந்த மொழியிலிருந்துதான்.

இங்கிலீஷ் பேசும்போது இந்த இரண்டு வழக்கமும் மோதிக்கொள்ளும். இடம்-வலம் சொல்வதில் மருத்துவத் துறைக்கு ஒரு கறார் விதி உண்டு. ‘ஆன் தி ரைட்’ என்றால் நோயாளியின் வலது, பார்ப்பவரின் வலது இல்லை. திசை சொல்வதில் வேறு ஒரு வலை இருக்கிறது, அதற்குப் புதுச்சேரி வரைபடத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பாகூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு உள்ளேயே தெற்குப் பகுதி. அது ‘இன் தி சவுத் ஆஃப்’. கடலூர் புதுச்சேரிக்கு வெளியே, தெற்கே உள்ள ஊர். அது ‘டு தி சவுத் ஆஃப்’. எல்லை ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டுமானால், புதுச்சேரியின் தெற்கெல்லையில் கடலூர் மாவட்டம், ‘ஆன் தி சவுத்’. உள்ளே என்றால் இன், வெளியே என்றால் டு, ஒட்டியிருந்தால் ஆன்.

இது சுலபம் என்று நினைத்தால் மேப்பைத் திறந்து பாருங்கள். பாகூர் கொம்யூனும் கடலூர் மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சில கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதற்குள் புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போய் மறுபடி புதுச்சேரிக்குள் வந்துவிடலாம். காரைக்கால் ‘இன் புதுச்சேரி’யா? யூனியன் பிரதேசம் என்று பார்த்தால் ஆமாம். ஊர் என்று பார்த்தால் இல்லை, அது நெடுந்தூரம் தெற்கே இருக்கிறது. அண்ணியின் மாஹே அரபிக்கடல் கரையில், சுற்றிலும் கேரளம். ஏனாம் ஆந்திராவுக்கு நடுவே, கோதாவரி ஓரம். நிலப்படத்தில் கேரளத்துக்குள், நிர்வாகத்தில் புதுச்சேரிக்குள். ‘இன்’ என்ற சொல்லுக்கு எந்த எல்லையை மனதில் வைத்திருக்கிறோம் என்பது முக்கியம் என்பதை மாஹேக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

எதிரே, முன்னே, பின்னே

கடைப் பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். சாலைக்கு அந்தப் பக்கம், எதிர் வரிசையில் இருந்தால் ‘ஆப்போசிட்’. இதே பக்கத்தில், வாசலுக்கு நேர் முன்னால் இருந்தால் ‘இன் ஃப்ரன்ட் ஆஃப்’. ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்’ என்பதை ‘இன் ஃப்ரன்ட் ஆஃப்’ என்று எழுதினால், வெளியூர் விருந்தாளி தப்பான பக்கம் நின்று தேடிக்கொண்டிருப்பார்.

பின்பக்கத்தைப் பற்றி மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ‘பேக்சைட் ஆஃப் தி ஹவுஸ்’ என்று நாம் சகஜமாகச் சொல்கிறோம். இங்கிலீஷ்காரர் காதில் ‘பேக்சைட்’ என்றால் மனிதர்கள் உட்காரும் பாகம். ‘பிஹைண்ட் தி ஹவுஸ்’ என்றோ ‘அட் தி பேக் ஆஃப் தி ஹவுஸ்’ என்றோ சொல்லிவிட்டால் மரியாதை மிஞ்சும்.

மூலை என்ற சொல்லும் கவனம் கேட்கும். அறையின் மூலையில் துடைப்பம் நின்றால் ‘இன் தி கார்னர்’, ஏனென்றால் அது உட்புறம். தெரு முனையில் டீக்கடை இருந்தால் ‘ஆன்’ அல்லது ‘அட் தி கார்னர்’, ஏனென்றால் நாம் அதை வெளியிலிருந்து பார்க்கிறோம். தமிழில் மூலை வேறு, முனை வேறு. இந்த ஒரு இடத்தில் நம் மொழியே இங்கிலீஷுக்கு வழி காட்டுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

‘மாமா வீட்ல இருக்கேன்’ என்பதற்கு ‘அட் மை அங்கிள்ஸ்’ போதும், ஹவுஸ் என்ற சொல்கூடத் தேவையில்லை. ‘டாக்டர்கிட்ட இருக்கேன்’ என்றால் ‘அட் தி டாக்டர்ஸ்’. ‘கையில காசு இல்லை’ என்றால் ‘நோ மணி ஆன் மீ’. இவற்றை எந்த விதியிலிருந்தும் வரவழைக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

போனில் இருக்கும் பாடம்

இந்தக் கட்டுரையை நீங்கள் போனில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘ஆன் யுவர் ஃபோன்’. திரையில், வாட்ஸ்அப்பில், இன்டர்நெட்டில் எல்லாமே ஆன். ஆனால் வாட்ஸ்அப் குரூப்புக்குள் வந்த மெசேஜ் ‘இன் தி குரூப்’. அதில் வந்த போட்டோவில் அத்தை இருந்தால் ‘இன் தி போட்டோ’. போட்டோ மேல் எண்ணெய்க் கறை பட்டிருந்தால் ‘ஆன் தி போட்டோ’. திரையின் மேல்பக்கம் ‘அட் தி டாப்’, அதன் மூலையில் உள்ள மூன்று புள்ளி ‘இன் தி கார்னர்’. வார இதழில் ஒரு கதை ‘இன் தி மேகஸின்’, அதுவே மூன்றாம் பக்கத்தில் என்றால் ‘ஆன் பேஜ் த்ரீ’.

மெயில் முகவரியின் நடுவே வரும் வளைந்த குறிக்கும் பெயர் அட்தான். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற எஞ்சினியர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்ப வழி செய்தபோது, ஆளின் பெயரையும் அவர் இருக்கும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. இந்த ஆள் இந்த இடத்தில் என்று சொல்லும் குறியைத் தேர்ந்தெடுத்தார். கம்ப்யூட்டருக்கு உள்ளே அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்பது தபாலுக்குத் தேவையில்லை. போய்ச் சேர ஒரு புள்ளி போதும். அட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை.

புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ இருக்கிறது. 1985-ல் முதல் பதிப்பு வந்தது, இன்றும் பயிற்சி மையங்களில் புரட்டப்படுகிறது. அதில் இன், ஆன், அட் மூன்றையும் பற்றி இடம் சம்பந்தமான பாடங்கள் உண்டு. ஆனால் மேல்நிலைக்கு வந்தவர்களுக்கு அதைவிடப் பலன் தருவது ஒரு சின்னப் பழக்கம். புதிதாக ஒரு பெயர்ச்சொல் படிக்கும்போது அதைத் தனியாக எழுதி வைக்காமல், முன்னால் வரும் குட்டிச் சொல்லையும் சேர்த்தே எழுதி வைப்பது. ‘வார்டு’ என்று எழுதாமல் ‘ஆன் தி வார்டு’ என்று. ‘கார்னர்’ என்று எழுதாமல் துடைப்பத்தோடும் டீக்கடையோடும் இரண்டு வரி. அகராதியில் பார்க்கும்போது அர்த்தத்தைப் படித்துவிட்டு மூடாமல், கீழே கொடுத்திருக்கும் உதாரண வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று ஒரு பார்வை.

இன்னொன்று, தமிழிலிருந்து ‘இல்’லை மொழிபெயர்க்காமல், கண்ணால் பார்ப்பது. புள்ளியா, பரப்பா, உள்ளேயா? அப்பா அந்த நேரம் எங்கே இருந்தார்? வார்டுக்குள் இல்லை. கட்டடத்துக்குள்கூட இல்லை. அவர் மருத்துவமனை என்ற புள்ளிக்கு வந்திருந்தார், அவ்வளவுதான்.

அந்தத் தங்கை போனை வைத்துவிட்டு குரூப்பில் மறுபடி எழுதுகிறாள்: “அப்பா இஸ் அட் தி ஹாஸ்பிடல் கேட். ஆன் ஹிஸ் பைக். வி ஆர் ஆன் தி வே ஹோம்.”

அண்ணி ஒரு தம்ஸ்அப் போடுகிறார். அண்ணன் கேட்கிறான்: “ஹெல்மெட் ஆன் ஹிஸ் ஹெட்?”

அப்பாவின் ஹெல்மெட் பைக் கண்ணாடியில் மாட்டியிருக்கிறது. அதற்கும் ஆன்தான்.